பெட்டி திறக்கவில்லை என்று எழுதிவிடலாம்

அந்தப் பொத்தானை அமுக்கியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. இரண்டு மாதமாக அந்தக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் வந்து வந்து நின்று, புதிய பதிப்புக்கு மாறு, மாறு என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "சரி, மாறித் தொலை" என்று சத்தமாகவே சொல்லி அமுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகிற பாதையோரக் கோயில் ஒன்றில் எனக்கு எழுத்து வேலை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கத்தோலிக்கச் சனங்களின் பதிவுகள் எல்லாம் எங்கள் கோயில் அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில்தான். பழைய பதிவேடுகள் எங்கள் ஊர் ஈரத்தில் ஊறி, பூச்சியரித்து, தொட்டால் தூளாகிற நிலைக்கு வந்திருந்தன. முன்பிருந்த ஃபாதர் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஒரு சேமிப்புப் பெட்டியில் போட்டுவைத்தார். புத்தகங்களைப் புதிதாகக் கட்டித் தைக்கக் கண்டிக்கு அனுப்பினார். அவரும் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். புத்தகங்கள் இன்னும் திரும்பி வரவில்லை. ஆக எங்களிடம் மிச்சமிருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. பூசை உடுப்புகள் வைக்கிற அறையில், இன்டர்நெட் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரிக்குள் இருக்கும். என் மேசையிலுள்ள கம்ப்யூட்டரில் ஓர் அடையாளத்தை அமுக்கினால் பெட்டி திறக்கும். அதற்கு மேல் அதைப்பற்றி நான் யோசித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எல்லாம் வேறு இடத்தில், வேறு நிறத்தில். பெட்டியின் அடையாளத்தின் மேல் மட்டும் ஒரு சிவப்புக் குறுக்குக் கோடு. அமுக்கினேன். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றிவிட்டு, அப்படி ஓர் இடமே இல்லை என்றது. "மாதாவே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் வாசலில் அந்த அக்கா நிற்பதைக் கண்டேன்.

டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க, உட்காருங்க என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வாங்கின் நுனியில் உட்கார்ந்தார்.

"மிஸ், எனக்கு ஞானஸ்நானப் பேப்பர் ஒண்ணு வேணும். இன்னைக்கே வேணும்."

"இன்னைக்கேன்னா எப்படிக்கா? என்ன அவசரம்?"

அவசரத்தைச் சொன்னார். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இல்லை. தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தின்படி இந்த மாதத்தோடு அவருக்கு அறுபது முடிகிறது. அறுபது முடிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். ஆனால் தனக்கு ஐம்பத்தேழுதான் என்று சொன்னார். ஒன்றாகவே வளர்ந்த பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு ஐம்பத்தேழு என்றால் தனக்கு எப்படி அறுபது?

"பேர வெட்டினா என்னக்கா, ஓய்வுதானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காம்பரா மிஸ்," என்றார். லயத்து வரிசை வீட்டில் தோட்டம் கொடுத்த அறையைத்தான் சொன்னார். "புருஷன் செத்துப் போச்சி. மக கொழும்புல கார்மெண்ட்ல நிக்கிது. தோட்டத்துல பேரு உள்ளது நான் மட்டுந்தான். எம் பேரும் போச்சின்னா வேல செய்யிற குடும்பத்துக்குக் காம்பராவ விடச் சொல்லுவாங்க. எங்க லயத்துலயே ரெண்டு வீட்டுக்கு அப்படிச் சொல்லிட்டாங்க."

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கொஞ்சம் இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். கோயில் பேப்பர் கொண்டுவந்தால் அதிலுள்ள வயதைப் போடலாம். கோயிலில் பதிவே இல்லை என்றால் அப்படி ஒரு கடிதம் கொண்டுவரலாம். டொக்டர் பார்த்து வயதை மதிப்பிட்டுக் கொடுப்பார். எதுவானாலும் வெள்ளிக்கிழமை நாலரைக்குள் தோட்டத்துக் கந்தோரில் இருக்க வேண்டும், சனிக்கிழமை லிஸ்ட் போய்விடும். அதற்காக அன்றைக்கு ஒரு நாள் சம்பளப் பேரையும் விட்டுவிட்டு வந்திருந்தார். டயகம பஸ் எங்கள் கோயிலைத் தாண்டுவது மூன்று பத்துக்கு.

நேற்று அந்தப் பொத்தானை அமுக்காமல் இருந்திருந்தால் பத்து நிமிஷத்து வேலை. "இருங்கக்கா, எடுத்துத் தாறேன்," என்றேன், ஏதோ அலுமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறவள் மாதிரி.

மூன்று தடவை கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினேன். நாலாவது தடவையும் அதே சிவப்புக் கோடு. எழுந்தேன், உட்கார்ந்தேன், சன்னலைத் திறந்தேன், குளிர் வந்தது, மூடினேன். கடைசியில் தலவாக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நாநா என்று கூப்பிடுகிறவருக்குப் போன் போட்டேன். பெட்டியை எங்களுக்கு விற்றவர் அவர்தான்.

"அப்டேட் அடிச்சிட்டா? என்னைக் கேக்காம?" என்றார்.

"நாநா, ஏசுறத பெறகு ஏசுங்க. ஒரு அக்கா வந்து உக்காந்திருக்காங்க."

"செரி, செரி. நான் சொல்லுறத மட்டும் செய்ங்க. வேற ஒண்ணையும் அமுக்கப்படாது."

முதலில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். புதுப் பதிப்பு ஏறியதும் கம்ப்யூட்டர் எங்கள் கோயில் இணைப்பைப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டுவிட்டதாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண் மாதிரி யாரையும் பார்க்காமல், யாருக்கும் முகம் காட்டாமல் குனிந்து நிற்கிறது. இது நம்ம வீடுதான் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிஷம் போனது. சொல்லிக்கொடுத்த பிறகும் பெட்டியைக் காணவில்லை.

"பெட்டி மேல ஒரு நம்பர் ஒட்டியிருப்பன். அத அடிங்க."

ஓடினேன். பூசை உடுப்பு அறை, அலுமாரி, பெட்டி. பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பி ஓடிவந்து அடித்தேன். ஒன்றுமில்லை. மணி பதினொன்று.

அந்த நேரம் பார்த்து உபதேசியார் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். கோயிலைத் திறந்து பூட்டி, செபம் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பெட்டி வேல செய்யலியா? போன சனிக்கெழம இடிக்குக் கழட்டினப்ப ஒண்ணும் ஆகலியே," என்றார்.

"எதைக் கழட்டினீங்க?"

"எல்லாத்தையுந்தான். ரவுட்டரு, பெட்டி, மைக் செட்டு. அந்த இடி இடிச்சிச்சே, சும்மா விடவா சொல்றீங்க?"

எங்கள் பக்கத்தில் ஒக்டோபர் வந்தால் பின்னேரம் தவறாமல் இடி. முதல் இடி கேட்டதும் லயம் முழுக்க டீவி வயரைப் பிடுங்குவார்கள். கைக்குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் வயரைப் பிடுங்குகிற வீடுகள் எனக்குத் தெரியும். நானும் வீட்டில் அதைத்தான் செய்வேன். உபதேசியாரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு, "நீங்க பிடுங்கினா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் பிளேன்டீயை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, மன்னிப்புக் கேட்கவும் நேரமில்லை.

போனில் நாநா சிரித்தார். "அதானே பாத்தன். ரவுட்டரு அணஞ்சி திரும்ப எரிஞ்சா பெட்டிக்கு வேற நம்பர் குடுத்திருக்கும். ஒட்டினது பழைய நம்பர்." வெள்ளிக்கிழமை என்பதால் அவருக்கு ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ரவுட்டரின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து புது நம்பரைத் தேடி எடுக்கச் சொல்லிவிட்டு, ஒன்றரைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

தேடினேன். எதுவெது எந்தச் சாமான் என்று தெரியாத ஒரு பட்டியல். உபதேசியாரின் போன், என் போன், பழைய ஃபாதர் விட்டுப்போன பிரின்டர். ஒவ்வொன்றாக அடித்து அடித்து, கடைசியில் ஒரு நம்பருக்குப் பெட்டி பதில் சொன்னது. "அக்கா, கெடச்சிருச்சி!" என்று துள்ளினேன். அவரும் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த நொடி திரையில் இன்னொரு அறிவிப்பு. விருந்தாளியாக வருகிறவர்களுக்கு இனி அனுமதி கிடையாதாம்.

யார் விருந்தாளி? ஐந்து வருஷமாக அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார். எனக்கும் பாதி வைத்தார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். வேண்டாம் என்றதற்கு, "பசியோட இருந்தா கோவந்தான் வரும், தின்னுங்க," என்றார். காலையிலிருந்து நான் போட்ட கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார். தின்றேன். ஆனால் உட்கார்ந்து தின்ன முடியவில்லை, சன்னலுக்கும் மேசைக்கும் இடையில் நடந்துகொண்டே தின்றேன்.

"காலு வலிக்கலியா மிஸ்?"

"உங்களுக்கு வலிக்குதாக்கா?"

"மொழங்காலுதான். ஏறும்போது ஒண்ணுமில்ல, எறங்கும்போது உசுரு போகும்." சொல்லிவிட்டு உடனே, "அத ஆபீசுல சொல்லிறாதீங்க," என்றார்.

ஒன்றரைக்கு நாநா எடுத்தார். விஷயம் இதுதான்: பழைய ஃபாதர் பெட்டிக்குக் கடவுச்சொல்லே வைக்காமல் விட்டிருக்கிறார். கோயில் சாமானுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டாராம். இவ்வளவு நாளும் கம்ப்யூட்டர் திறந்த வீட்டுக்குள் போவது போலப் போய்வந்தது. புதுப் பதிப்பு, பூட்டில்லாத வீட்டுக்குள் காலே வைக்காது. அந்தத் தடையை எடுக்க ஒரு வழி சொன்னார். அவர் சொன்ன இடம் என் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை. அப்படியென்றால் பெட்டிக்குள் போய் ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டும். அதற்குப் பெட்டியின் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அது வெளிநாட்டிலுள்ள ஃபாதருக்குத்தான் தெரியும். அவருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"கடேசி வழி ஒண்ணு ஈக்கி," என்றார் நாநா. "பெட்டிக்குப் பின்னுக்கு ஒரு சின்ன ஓட்டை. உள்ளுக்கு ஒரு பட்டன். ஊசி மாதிரி ஒண்ட வெச்சி நாலு செக்கன் அமுக்கணும். ஒருக்கா சத்தம் வரும், ஒடன கைய எடுத்துரணும். ரெண்டாந் தரம் அமுக்கினா எல்லாத்தையும் மொதல்லேந்து செய்யணும். நான் ஞாயித்துக்கெழமதான் வர ஏலும்."

"படமெல்லாம் அழிஞ்சி போகுமா?"

"போகாதுண்டுதான் நெனக்கிறன்."

"நெனக்கிறீங்களா!"

"புள்ள, பதறாதீங்க. நாலு செக்கன்."

ஊசிக்கு எங்கே போவது? மேசை லாச்சியைக் கவிழ்த்தேன். கிளிப் ஒன்று அகப்பட்டது, ஓட்டைக்குள் போகவில்லை. அக்கா தாலிக்கொடியில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். "நான் எண்ணுறேன், நீங்க அமுக்குங்க," என்றார். அலுமாரிக்கு முன்னால் இரண்டு பேரும் முழந்தாளிட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் செபம் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். செபமும்தான் சொன்னேன், மனசுக்குள். எத்தனை ஆயிரம் பேருடைய பிறப்பும் இறப்பும் அதற்குள் இருந்தன! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பீப் என்று சத்தம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

பச்சை விளக்கு அணைந்து, செம்மஞ்சளாகி, மறுபடி பச்சையானது. நாநா சொல்லச் சொல்ல ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போட்டேன். கம்ப்யூட்டரில் அதையே கேட்டது, அடித்தேன். பெட்டி திறந்தது. தோட்டம் தோட்டமாக, வருஷம் வருஷமாக எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணி இரண்டு முப்பத்தைந்து.

அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஐம்பத்தேழுக்குரிய வருஷத்தைத் திறந்து தேடினேன். இல்லை. முன்னும் பின்னும் ஒவ்வொரு வருஷம் பார்த்தேன், இல்லை. பின்னோக்கியே போனேன். தண்ணீர்க் கறை படிந்த ஒரு பக்கத்தில், மூன்றாவது வரியில், அவருடைய பெயர் இருந்தது. தகப்பன் பெயர் சரி. தோட்டம் சரி, டிவிஷன் சரி. பிறந்த நாளைப் பார்த்தேன். மனக்கணக்குப் போட்டேன். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன்.

அறுபத்திரண்டு.

தோட்டத்துப் புத்தகத்தைவிட இரண்டு வருஷம் கூட. இந்தப் பேப்பரைக் கொண்டுபோனால் மாதம் முடியும் வரையிலும்கூட விட மாட்டார்கள். காலையிலிருந்து ஓடி, கத்தி, முழந்தாளிட்டு நான் திறந்தது இதைத்தானா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டி செத்தே போயிருக்கக் கூடாதா! பெட்டி திறக்கவில்லை, பதிவு கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். டொக்டர் பார்த்து ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ போடுவார். காம்பரா இருக்கும். யாருக்கு என்ன நட்டம்? திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன்.

"பதிவு இல்லக்கா. பூச்சி அரிச்ச பக்கம். நான் இல்லேன்னு கடிதம் எழுதித் தாறேன், ஒங்களுக்கு அதுவே நல்லது."

"எழுத்துத்தான் எனக்கு வாசிக்கத் தெரியாது மிஸ்," என்றார். "நம்பரு தெரியும். நாப்பது வருசமா கொழுந்து நிறுக்கிற எடத்துல தராசு முள்ளப் பாத்துக்கிட்டு நிக்கிறவ. பாக்காட்டி ரெண்டு கிலோவ முழுங்கிருவாங்க. வருசத்தக் கணக்குப் பாத்துட்டேன், அறுபத்தி ரெண்டு. அப்படித்தானே?"

எனக்கு முகம் எரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"கடிதம் எழுதுறேன்க்கா," என்றேன் பிறகு. "பாவம்னா என் தலையில இருக்கட்டும். பாவசங்கீர்த்தனத்துல நான் சொல்லிக்கிறேன். நீங்க பஸ்ஸப் பிடிங்க."

"அதுல வேற என்ன எழுதியிருக்கு?"

"எதுலக்கா?"

"எம் பேருக்கு நேரா. நம்பரு இல்லாத எடத்துல."

வாசித்தேன். தகப்பன் பெயர். தொழில், தோட்டத் தொழிலாளி. தாயின் பெயர் என்று ஆரம்பித்து, பெயரையும் வாசித்தேன். அவருடைய கை என் கதிரையின் முதுகைப் பிடித்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

"எனக்கு ரெண்டு வயசுல செத்துப்போச்சாம்," என்றார். "அப்பா மறுகலியாணம் கட்டிட்டாரு. வீட்டுல அந்தப் பேர யாரும் எடுக்கப்படாது. பட்டப் பேரா தொரச்சின்னு லயத்துல கூப்புடுவாங்களாம், அது மட்டுந்தான் தெரியும். படம் இல்ல. குழிக்கு மேல சிலுவ இருந்திச்சி, அதுவும் பாத போட்டப்போ போயிருச்சி."

பாதையில் வளைவுக்கு அப்பால் பஸ் ஹோர்ன் கேட்டது. எனக்கு மட்டும்தான் பதட்டம். "அக்கா, பஸ்! கடிதமா, பேப்பரா? சொல்லுங்க."

"இல்லேன்னு எழுதினா எங்கம்மாவும் இல்லேன்னு ஆயிரும்ல?"

"கடிதம் அவங்களப் பத்தி இல்லக்கா. உங்க வயச பத்தி மட்டுந்தான்."

"ஒரே வரியிலதானே இருக்கோம்," என்றார். "பயமாத்தான் இருக்கு. காம்பராவ விட்டுட்டு எங்க போறதுன்னு தெரியல. ஆனா அப்படி எழுதாதீங்க. உள்ளத எழுதுங்க. ரெண்டு குடுங்க, ஆபீசுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

இரண்டு பிரதி எடுத்தேன், முத்திரை குத்தினேன். உபதேசியார் என்னைக் கேட்காமலேயே பாதைக்கு இறங்கி ஓடிப்போய் பஸ்ஸை மறித்து நின்றார். அக்கா ஆபீசுக்குரிய தாளை எடுத்து நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். மற்றதையும் மடித்துக் கொடுக்கலாம் என்று நான் கை வைத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். அதை இரண்டு கையாலும் விரித்தபடியே பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.